பாடமாக்கிய இலக்கிய நயம்

ஓ/எல் தமிழ் வகுப்பில் உண்மையான பாடநூல் எது என்று கேட்டால், அரசு இலவசமாகத் தரும் புத்தகத்தைப் பிள்ளைகள் காட்டமாட்டார்கள். களுபோவிலயிலிருந்து கொட்டாஞ்சேனை வரை, தமிழ்மொழி மூலம் படிக்கும் தரம் 11 மாணவரின் பையில் மூலை கசங்காமல் இருப்பது பாடநூல்தான். ஓரம் மடிந்து, மஞ்சள் மை தீட்டி, கொப்பிக்குள் செருகிக் கிடப்பது ‘டியூட்’. டியூஷன் வகுப்பில் கைக்கு வந்து, போட்டோ கொப்பியாகி, இப்போது வாட்ஸ்அப் குழுக்களில் பிடிஎப் ஆகவும் உலவும் இந்த ஏ4 தாள்களே நம் பிள்ளைகளுக்கு இலக்கியத்தையும் எழுத்தையும் கற்பிக்கின்றன. இவற்றைத் திட்டுவது எளிது. ஏன் நிலைத்தன என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

இலங்கையில் பாடநூல் இலவசமாக வழங்கப்படுவது 1980 முதல். பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் தயாரிக்க, கல்வி வெளியீட்டுத் திணைக்களம் நூலை அச்சிடுகிறது. 2007இல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தபோது, ஆசிரியர் விரிவுரை செய்வதைக் குறைத்து மாணவரைத் தேடவும் பேசவும் விட வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்லின. எண்ணம் நல்லது. ஆனால் ‘தமிழ்மொழியும் இலக்கியமும்’ எல்லோருக்கும் கட்டாயப் பாடம். உயர்தரத்துக்குப் போகத் தாய்மொழியில் சித்தி தேவை. அந்தப் பயத்தோடு இருக்கும் வீட்டில் தேடலுக்கு நேரம் இல்லை. வழிகாட்டி கேட்டது கலந்துரையாடல், பரீட்சை கேட்டது விடை. இடையில் இருந்த வெற்றிடத்தை டியூட் நிரப்பியது.

நிரப்பியதில் அதற்கு நியாயமும் உண்டு. பழந்தமிழ்ச் செய்யுள் ஒன்றை முதன்முறையாகச் சந்திக்கும் பதினைந்து வயதுப் பிள்ளைக்குச் சொல் பிரிப்பே மலை. சந்தி பிரித்து, பதவுரை தந்து, பொழிப்புரையை எளிய தமிழில் எழுதிக் கொடுப்பது பெரிய உதவி. வீட்டில் தமிழ் படித்துக் காட்ட ஆள் இல்லாத பிள்ளைக்கும், அம்மா ஆசிரியையாக இருக்கும் பிள்ளைக்கும் கிடைக்கும் தாள் ஒன்றே. கேள்வியை எப்படிப் படிப்பது, நான்கு புள்ளிக் கேள்விக்கு எவ்வளவு எழுதுவது, சுருக்கம் எழுதும்போது எதை விடுவது என்பன போன்ற பரீட்சை நுட்பங்களைப் பாடநூல் சொல்லித் தருவதில்லை; டியூட் சொல்லித் தருகிறது. ஆசிரியர் மாற்றலாகிப் போய் ஒரு தவணை முழுதும் தமிழ்ப் பாடம் நடக்காத பள்ளியில், பிள்ளைகளைக் கரைசேர்ப்பதும் அதுதான்.

உரையை வைத்துக்கொண்டு படிப்பது நமக்குப் புதிதும் இல்லை. பரிமேலழகர் இல்லாமல் குறளையும் அடியார்க்குநல்லார் இல்லாமல் சிலம்பையும் படித்தவர்கள் குறைவு. வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய ஆறுமுக நாவலர், வகுப்புக்கு நூல் இல்லை என்று கண்டு பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சிட்டார். தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் கோனார் உரையை நம்பிப் பரீட்சைக்குப் போனார்கள். ஆனால் பழைய உரையாசிரியர் தமக்கு முன் சொன்னவரை மறுப்பார், பாடபேதம் காட்டுவார், தாம் ஏன் இப்படிப் பொருள் கொள்கிறார் என்று காரணம் சொல்வார். படிப்பவர் அந்த வாதத்துக்குள் நுழையலாம். டியூட்டில் வாதம் இல்லை. முடிவு மட்டும் இருக்கிறது. மாணவர் வாசிப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது.

ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் ‘தேரும் திங்களும்’ கவிதையை எடுத்துக்கொள்வோம். ஊர்கூடித் தேர் இழுக்கிறது. வடம் பிடிக்க வந்த ஒருவன் சாதியின் பெயரால் தடுக்கப்பட்டு, அடிபட்டு வீழ்கிறான். விண்ணேறி நிலவைத் தொட்ட மனிதனின் சுற்றம் மண்ணில் புரள்கிறது. டியூட் வகுப்பில் இது எப்படி ஆகும் என்பதை ஊகிப்பது கடினமில்லை: கவிஞர் பெயர் து. உருத்திரமூர்த்தி, 1927–1971, ஊர் அளவெட்டி, மையக்கருத்து சாதிக்கொடுமை, உத்தி முரண், பின்பு மாதிரி வினா-விடை ஐந்து. ஒன்றும் பிழையில்லை. ஆனால் பிள்ளைக்குக் கேட்க எதுவும் மிச்சமில்லை.

அந்தப் பட்டியலை ஒளித்துவைத்துவிட்டுக் கவிதையை மட்டும் இரண்டுமுறை உரக்க வாசிக்கவிட்டால் வேறு கேள்விகள் எழும். அவனை அடித்தவர்களும் பக்தியோடு வந்தவர்கள்தானே? நிலவுக்குப் போனவன் எங்கோ இருக்க, கவிஞர் ஏன் அவனுக்கும் இவனுக்கும் உறவு சொல்கிறார்? மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல். மனிதன் நிலவில் கால்வைத்தது 1969 ஜூலையில். இந்த இரண்டு ஆண்டுகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டு ஆசிரியர் பேசாமல் நின்றால் போதும், ‘முரண்’ என்ற சொல்லைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். இதற்குச் செலவாவது ஒரு பாடவேளை. டியூட் அந்த நாற்பது நிமிடங்களை மிச்சப்படுத்துகிறது. மிச்சப்படுத்தியது நேரம், இழந்தது இலக்கியம்.

எழுத்தில் சேதம் இதைவிட அதிகம். ‘ஒரு மழை நாள்’ என்ற தலைப்புக்கான மாதிரிக் கட்டுரையில் மயில் ஆடும், தவளை பாடும், உழவர் உள்ளம் குளிரும். களுபோவிலயில் மழை பெய்தால் நடப்பது வேறு. பெரியாஸ்பத்திரி வாசலில் நோயாளரைக் கூட்டிவந்தவர்கள் ஷொப்பிங் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுவார்கள். கானில் தண்ணீர் முட்டும். த்ரீவீல்காரர் விலை ஏற்றுவார். கொஹுவல சந்தியில் பஸ் நகராது. பிள்ளை தினமும் பார்க்கும் இந்த மழை கட்டுரைக்குள் வருவதில்லை, ஏனென்றால் இதற்குப் புள்ளி கிடைக்குமா என்று தெரியாது. மயிலுக்குக் கிடைக்கும் என்று தெரியும். இந்தப் பகுதியில் ஒரே வாங்கில் முஸ்லிம் பிள்ளையும் மலையகத்துப் பிள்ளையும் வடக்கிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளையும் இருக்கிறார்கள். ‘எனது கிராமம்’ என்று எழுதச் சொன்னால் மூவரும் அதே பனங்கூடலையும் அதே வயல்வெளியையும் எழுதித் தருகிறார்கள். மொழிநடை சுத்தமாக இருக்கும். எழுதியவர் யாரென்று மட்டும் தெரியாது.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாதது. பல டியூட்கள் கொப்பியின் கொப்பியாகப் பல ஆண்டுகள் ஓடுபவை. ஒருமுறை விழுந்த ளகர ழகரப் பிழையோ, மாறிப்போன நூற்பெயரோ அடுத்தடுத்த வகுப்புகளுக்கும் போகும். பாடநூலில் பிழை இருந்தால் திணைக்களத்துக்கு எழுதலாம். டியூட்டுக்குப் பதிப்பாசிரியர் இல்லை.

நல்ல வளங்கள் இல்லாமலும் இல்லை. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. வெள்ளவத்தையில் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் பாடநூல்களும் பயிற்சிகளும் உண்டு. இவையெல்லாம் டியூட்டை வெல்லாததற்குக் காரணம் தரம் இல்லை. நூலகத்தில் மஹாகவியின் தொகுப்பைத் தேடி எடுத்தாலும், அதை வைத்து நாளை காலை வகுப்பில் என்ன செய்வது என்று ஆசிரியருக்கு அது சொல்லாது. டியூட் சொல்லும். கைக்கு அடக்கமாக இருப்பதுதான் அதன் வெற்றி.

ஆகவே மாற்ற வேண்டியது தாளின் ஒழுங்கை. முதல் பக்கத்தில் பாடலும் அருஞ்சொற்பொருளும் மட்டும் இருக்கட்டும். அடுத்த பக்கத்தில் விடை இல்லாத மூன்று கேள்விகள், எழுத வெற்றிடம். கவிஞர் குறிப்பும் ஒன்றுக்கொன்று முரண்படும் இரண்டு விளக்கங்களும் மூன்றாம் பக்கத்தில் வரட்டும். எது பொருத்தம் என்று பிள்ளை காரணம் காட்டட்டும். கட்டுரைக்கு ஒரு முழு மாதிரியைத் தராமல், ஒரு பிள்ளை எழுதிய முதல் வரைவையும் திருத்திய வரைவையும் பெயரில்லாமல் அருகருகே தரலாம்.

இதைச் செய்ய டியூஷன் ஆசிரியர்களிடம் கெஞ்சிப் பயனில்லை. 2007க்குப் பின் தரம் 10க்குப் புதிய பாடத்திட்டம் வர எட்டு ஆண்டுகள் ஆயின. டியூட்டோ வினாத்தாள் மாறினால் அடுத்த தவணைக்குள் மாறிவிடும், ஏனென்றால் அது பரீட்சைக்கு மட்டுமே விசுவாசமானது. நூலில் இல்லாத ஒரு கவிதையைக் கொடுத்துக் கருத்துக் கேட்கும் வினாவுக்குப் புள்ளியைக் கூட்டுங்கள். கட்டுரைத் திருத்தத்தில் பிள்ளை தன் கண்ணால் கண்ட விவரத்துக்கென்று தனியாகப் புள்ளி ஒதுக்குங்கள். பாடமாக்கிய விடை புள்ளி தராது என்று தெரிந்த அன்றே வாசிக்கப் பழக்கும் டியூட்கள் சந்தைக்கு வந்துவிடும். பரீட்சைத் திணைக்களம் கேட்காத ஒன்றை எந்தத் தாளும் கற்பிக்கப்போவதில்லை.