காற்றைச் சுருதி சேர்த்தவர்கள்

மாமல்லபுரத்தைக் கண்ணால் ரசித்து எழுதியவர்கள் ஏராளம். இந்த ஊரில் காதுக்கும் பெரிய வேலை இருக்கிறது. சிற்பப் பட்டறையில் ஒரு கல்லில் உளி வைப்பதற்கு முன் அதைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்பது மரபு. கணீரென்று மணி போல ஒலிக்கும் கல் ஒரு வகை, மென்மையாக ஒலிப்பது இன்னொரு வகை, ஓசையே எழாமல் மழுங்கி நிற்பது மூன்றாவது. உள்ளே ஓடும் விரிசலைக் கண் காட்டாது; ஓசை காட்டிவிடும். 1957-இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இருக்கும் ஊர் இது. இங்கே காதை நம்பிப் பொருள் தேர்வது புதிய பழக்கமல்ல.

அந்தப் பழக்கத்தோடுதான் நான் இரண்டு பொருள்களை ரசிக்கிறேன். ஒன்று, நூறு சி.சி. மோட்டார் சைக்கிள். மற்றொன்று, வீட்டில் பாட்டுக் கேட்கும் ஸ்பீக்கர். இரண்டுக்கும் உறவில்லை என்று தோன்றும். ஆனால் இரண்டிலும் தேர்ந்த கைகள் செய்திருக்கும் வேலை ஒன்றுதான்: காற்றைச் சுருதி சேர்ப்பது. சுருதி சேர்ந்துவிட்டால் பெரிய எஞ்சினும் வேண்டாம், பெரிய ஆம்பிளிஃபயரும் வேண்டாம். கொஞ்சமே நிறைவாக இருக்கும்.

இந்த இரண்டையும் ஒரே பெயரில் செய்த நிறுவனம் யமஹா. அதன் கதை ஒரு பள்ளிக்கூட ஆர்மோனியத்தில் தொடங்குகிறது என்றே சொல்லலாம். 1887-இல் ஜப்பானின் ஹமாமட்சு நகரப் பள்ளி ஒன்றில் பழுதான ரீட் ஆர்கனைச் சரிசெய்ய டொரகுசு யமஹாவை அழைத்தார்கள். நம் ஆர்மோனியத்தைப் போலவே மெல்லிய உலோக நாக்குகள் காற்றில் அதிர்ந்து பாடும் கருவி அது. பழுது பார்த்தவர், தானே ஒன்றைச் செய்து பார்த்தார். செய்ததைக் கழியில் கட்டித் தோளில் சுமந்து, ஹகோனே மலையைக் கடந்து, சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில் இருந்த டோக்கியோ இசைப் பள்ளிக்கு ஒரு துணையாளோடு கொண்டுபோனார். அங்கே சொன்ன தீர்ப்பு: வேலைப்பாடு சரி, சுருதி சரியில்லை. அவர் அங்கேயே தங்கி இசை இலக்கணம் படித்தார், சுருதி சேர்க்கக் கற்றார், மறுபடி செய்தார். இரண்டாவது கருவி தேறியது. யமஹா முத்திரையில் இன்றும் குறுக்கிட்டு நிற்கும் மூன்று கவைகள் சுருதிக் கவைகள். வண்டியின் பெட்ரோல் டாங்க்கில் நாம் பார்ப்பதும் அவற்றைத்தான்.

மோட்டார் சைக்கிள் பின்னால் வந்தது. போர்க்காலத்தில் விமான விசிறி செய்த இயந்திரங்கள் சும்மா கிடந்தன. கெனிச்சி கவகாமி அவற்றை வண்டி செய்யத் திருப்பினார். 1955-இல் மோட்டார் நிறுவனம் தனியே பிரிந்தது. முதல் வண்டியான ஒய்.ஏ.-1, 125 சி.சி. தான். மெலிந்த உடலுக்கும் செந்நிறத்துக்கும் அதைச் செந்தும்பி என்று அழைத்தார்கள்.

பிரிந்த இரண்டு நிறுவனங்களின் முத்திரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இசைக் கருவியின் முத்திரையில் கவைகளின் நுனி வட்டத்தின் உள்ளேயே அடங்கியிருக்கும். வண்டியின் முத்திரையில் நுனிகள் வெளி வட்டத்தைத் தொட்டு நிற்கும். ஒரு மயிரிழை வேறுபாட்டில் இரண்டு குடும்பங்களையும் பிரித்திருக்கிறார்கள். இன்று இரண்டு குடும்பங்களுமே நமக்கு அண்டை வீட்டுக்காரர்கள். செங்கல்பட்டிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போய், சிங்கப்பெருமாள்கோவிலில் திரும்பினால் ஒரகடம்; அதற்கு அப்பால் வல்லம் வடகாலில் யமஹாவின் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை. அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் 2019-இல் அவர்களுடைய இசைக் கருவித் தொழிற்சாலையும் தொடங்கியது.

நான் பாட விரும்பும் வண்டி இந்த ஆலைகளுக்கு முந்தியது. ஆர்.எக்ஸ். 100, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தின் கூட்டில் 1985-இல் வந்து 1996-இல் நின்றது. பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர். அது ஏறி இறங்கும் தூரமும் 50 மில்லிமீட்டர். கொள்ளளவைக் கணக்கிட்டால் 98 சி.சி. அகலமும் உயரமும் சமமான அந்தச் சின்ன அறையில் 11 குதிரைத்திறன். வண்டியின் எடை நூறு கிலோவைச் சற்றே தாண்டும். நான்கு கியர், டிரம் பிரேக், வட்ட ஹெட்லைட், குரோம் மட்கார்டு. வேண்டாத ஒரு துண்டு இரும்பை அதில் தேடினாலும் கிடைக்காது.

அதன் மூச்சை ஆர்கன் செய்த வீட்டின் சொத்து என்றே நினைக்கத் தோன்றுகிறது. மிகுனி கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே ரீட் வால்வு உட்கார்ந்திருக்கிறது. மெல்லிய எஃகு நாக்குகள். பிஸ்டன் மேலே போகும்போது கீழே உண்டாகும் உறிஞ்சலில் அவை திறந்து காற்றையும் பெட்ரோலையும் உள்ளே விடும். பிஸ்டன் இறங்கும்போது அழுத்தத்தில் சட்டென்று மூடி, வந்தது திரும்பிப் போகாமல் தடுக்கும். எந்தச் சங்கிலியும் பல்சக்கரமும் அவற்றை இயக்குவதில்லை. காற்றுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே வளைகின்றன. குறைந்த வேகத்திலும் ஆக்சிலேட்டரைத் திருகியவுடன் வண்டி தயங்காமல் கிளம்புவதற்கு அந்த நாக்குகள் முக்கியமான காரணம்.

இனி அதன் குரல். ஐடிலிங்கில் அது சீராகப் பாடாது. டக், டடக் என்று விட்டு விட்டு ஒலிக்கும். சிலிண்டரில் பழைய புகை தங்கிவிடுவதால் ஒவ்வொரு சுற்றிலும் நெருப்புப் பற்றுவதில்லை. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்தால் இடைவெளிகள் மூடிக்கொண்டு ஒலி ஒரே இழையாக நீளும். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 6000 சுற்று என்றால் விநாடிக்கு 100 வெடிப்பு. ஆர்.எக்ஸ். வந்த 1985-லேயே வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100 நான்கு ஸ்ட்ரோக். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு. அதே 6000 சுற்றில் விநாடிக்கு 50 தான். அதாவது இரண்டு வண்டிகளும் ஒரே சுற்றில் ஓடினால் ஆர்.எக்ஸ். சரியாக ஒரு ஸ்தாயி மேலே பாடும். தெருமுனையில் வண்டி திரும்பும் முன்பே வருவது எது என்று சொல்லிவிடுகிறார்களே, அந்தக் காதுகள் கேட்பது இந்த ஸ்தாயி வேறுபாட்டைத்தான்.

சைலன்சர் என்று நாம் அழைக்கும் குழாய் அந்த வண்டியில் சத்தத்தை அடக்க மட்டும் வைத்ததல்ல. இரண்டு ஸ்ட்ரோக்கில் புகை வெளியேறும் வாசலும் புதுக்காற்று நுழையும் வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். புகையோடு எரியாத பெட்ரோலும் நழுவிவிடும். குழாயின் உட்புறம் விரிந்து, பிறகு சுருங்குகிறது. வெடிப்பின் ஒலி அலை விரியும் இடத்தில் ஓர் உறிஞ்சலாகத் திரும்பிப் புகையை இழுக்கிறது. சுருங்கும் இடத்தில் மோதி அழுத்தமாகத் திரும்பி, நழுவப் பார்த்த புதுக்காற்றில் ஒரு பங்கைச் சிலிண்டருக்குள் தள்ளிவிடுகிறது. எல்லாம் விநாடியில் நூறில் ஒரு பங்குக்குள். ஒலியே அங்கே ஒரு வால்வாக வேலை செய்கிறது. உள்ளே இருக்கும் தடுப்புக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தவிடும் இளைஞர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். சுருதி சேர்த்துக் கொடுத்த நாயனத்தில் சீவாளியைக் கிள்ளி எறிவதற்கு ஒப்பான செயல் அது.

இந்த வண்டிக்கு ஏற்ற சாலை கிழக்குக் கடற்கரைச் சாலை அல்ல. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் சுமார் முப்பது கிலோமீட்டர் பாதை. ஏரிக்கரை, வயல், வளைவு, ஊர், மறுபடி வயல். பிறகு வேதகிரீஸ்வரர் மலை எழுந்து நிற்கும். முடிவில் கொளவாய் ஏரியின் அகலம். இந்தச் சாலையில் ஐம்பதுக்கு மேல் போக ஆசை வருவதில்லை. கணக்கும் அதற்குத் துணை நிற்கிறது. காற்றைப் பிளக்க வேண்டிய திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுகிறது. 40-இல் செலவாவதைப் போல் எட்டு மடங்கு 80-இல் வேண்டும். அன்றாட வேகத்துக்குத் தேவைப்படும் குதிரைகள் மிகச் சிலவே. அந்தச் சில குதிரைகள் எவ்வளவு பதமாகப் பழகியிருக்கின்றன என்பதுதான் கேள்வி. இதே கடற்கரையில் மீன்கூடையை ஏற்றிக்கொண்டு மணலோரச் சந்துகளில் நுழையும் டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லைப் பாருங்கள். ஓசூரில் 1980-இல் பிறந்த டி.வி.எஸ். 50-இன் வாரிசு அது. தனக்கு விதித்த வேலைக்கு அதைவிடப் பொருந்திய வண்டியை நான் கண்டதில்லை.

ஆர்.எக்ஸ்.ஸின் புகையை நான் போற்றவில்லை. எரியாத பெட்ரோலும் எரிந்த எண்ணெயும் காற்றில் கலப்பது உண்மையான குறை. அந்த வகை எஞ்சின்கள் விடைபெற்றது நல்லதுதான். போற்றுவது அந்த அளவு அறிந்த கையை.

அதே கையின் இன்னொரு வேலை, 1978-இல் வந்த என்.எஸ்.-10 ஸ்பீக்கர். கறுப்புப் பெட்டி. அதில் வெள்ளை வெளேரென்ற பதினெட்டு சென்டிமீட்டர் காகிதக் கூம்பு. மற்றவர்கள் கூழை அச்சில் வார்த்துக் கூம்பு செய்தபோது, இதில் தட்டையான தாளைச் சுருட்டி விளிம்போடு விளிம்பு ஒட்டினார்கள். பெட்டியில் ஓட்டை கிடையாது. உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக நின்று கூம்பைப் பிடித்து நிறுத்துகிறது. அதனால் தாளம் விழுந்த கணத்தில் ஒலி எழும், அடுத்த கணத்தில் நின்றுவிடும், வால் இழுக்காது. வீட்டு ஸ்பீக்கராக வந்தபோது அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. ஒலிப்பதிவுக் கூடங்கள் அதை எடுத்துக்கொண்டன. பாட்டில் உள்ள குறையை மறைக்காமல் காட்டியது என்பதற்காகவே உலகமெங்கும் பொறியாளர்கள் மேசை மேல் அந்த வெள்ளைக் கூம்பு நின்றது. கூம்புக்குத் தேவையான மரக்கூழ் கிடைப்பது அரிதானதால் 2001-இல் உற்பத்தி நின்றது. 2008-இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது அதைத் தேடி வந்தது.

வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். குரல் பகுதியை அது முன்னே தள்ளும். மாலை முழுதும் கேட்டால் காது களைக்கும். வீட்டுக்கு இன்னும் கனிந்த பெட்டி வேண்டும். துளையும் குழாயும் வைத்த பெட்டி என்றால் அந்தக் குழாயின் நீளத்தைக் கவனியுங்கள். குழாயில் நிற்கும் காற்று எடையாகவும், பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங்காகவும் சேர்ந்து ஒரு சுருதியில் அசைகின்றன. நீளம் சரியாக இருந்தால் சின்னப் பெட்டியும் கீழ் ஸ்தாயியை மரியாதையாகத் தொடும். தவறினால் எல்லாப் பாட்டிலும் ஒரே கும் கும் என்ற இரைச்சல்தான். ஆர்.எக்ஸ்.ஸின் குழாய்க்கும் இந்தக் குழாய்க்கும் அடிப்படை ஒன்று: காற்றின் நீளமும் கொள்ளளவும் சுருதியைத் தீர்மானிக்கின்றன.

கடைகளில் ஆயிரம் வாட் என்று ஒட்டியிருப்பதை மறந்துவிடுங்கள். 90 டெசிபல் உணர்திறன் கொண்ட ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தூரத்தில் 90 டெசிபல் தரும். வீட்டுப் பேச்சு சுமார் 60 டெசிபல். பத்து வாட் கொடுத்தால் 100. நூறு வாட் கொடுத்தால் 110. அன்றாடம் நாம் கேட்பது முதல் வாட்டுக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை சான்யோவின் 4440 ஐ.சி. வைத்த போர்டை வாங்கி, தச்சரிடம் பெட்டி செய்து பாட்டுக் கேட்டது. பக்கத்துக்கு ஆறு வாட். கூடம் நிறையக் கேட்டது. பணத்தில் பெரும்பங்கை ஸ்பீக்கருக்கு வையுங்கள். ஆம்பிளிஃபயர் சத்தத்தைக் குறைத்து வைத்தாலும் இரையாமல் இருந்தால் போதும்.

தேர்வுக்கு நம்மிடமே அருமையான உரைகற்கள் இருக்கின்றன. முதலில் தம்புரா. குதிரையில் நூல் வைத்து எழுப்பும் அந்த ரீங்காரத்தில் மேலடுக்குகள் ஒவ்வொன்றாக மலர்வது கேட்க வேண்டும். வெறும் ஊதல் கேட்டால் ட்வீட்டர் சரியில்லை. அடுத்து மிருதங்கம். வலந்தலையின் மீட்டும் தொப்பியின் கும்கியும் தனித்தனி இடத்திலிருந்து வர வேண்டும். கும்கி வளைந்து ஏறும் ஏற்றம் தெரிய வேண்டும். பிறகு நாகஸ்வரம். உரத்த இடத்தில் கூசினால் பெட்டியை விட்டுவிடலாம். இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்த அளவைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். ஒரு துளி கூடுதலாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும்.

வீடும் ஒரு கருவிதான். மொசைக் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் கோரைப்பாயும் திரைச்சீலையும் புத்தக அலமாரியும் பல ஆயிரம் ரூபாய் மாற்றத்தைச் செய்யும். பெட்டிகளைச் சுவரிலிருந்து முடிந்த அளவு நகர்த்துங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரமே பெட்டிகளிலிருந்து உங்களுக்கும் இருக்கட்டும். இந்தக் கரையில் உப்புக்காற்று தனிக் கவலை. ஸ்பீக்கர் கூம்பின் நுரை விளிம்பு உதிர்ந்துவிடும், ரப்பர் விளிம்பு நிற்கும். இணைப்புப் பின்களில் பச்சை பூக்கும். அவ்வப்போது கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். வண்டியின் குரோமுக்கும் ஸ்போக்ஸுக்கும் எண்ணெய்த் துணி வாராவாரம் வேண்டும். இந்தப் பணிவிடையை நான் சுமையாக நினைத்ததே இல்லை. துடைக்கும் கைதான் பொருளின் வேலைப்பாட்டை முழுதாகப் படிக்கிறது.

பழைய ஆர்.எக்ஸ். வாங்கப் போகிறவர் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டு, ஆறிய எஞ்சினை உதைத்துக் கிளப்பச் சொல்ல வேண்டும். சூடான எஞ்சின் பல குறைகளை மறைக்கும். பிறகு வேகமாக ஓட்டிப் பார்க்க வேண்டாம். இரண்டாவது கியரில், சந்தைத் தெருவில், நடப்பவர்களோடு ஓட்டிப் பாருங்கள். இழுபறி இல்லாமல் போனால் உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. ஸ்பீக்கர் கடையிலும் அதே சோதனைதான்: கடைக்காரர் ஏற்றிக் காட்டுவதற்கு முன், குறைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவர் பேச்சுக்குத் தடையில்லாத அளவிலும் தொப்பியின் கும்கி காதில் விழுகிறதென்றால் அதைச் செய்தவர் சுருதி அறிந்தவர். அந்த ஜோடியை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.