ஆறும் படகும்: ‘பெங்காவான் சோலோ’ பாடலின் நீடித்த ஈர்ப்பு

மெல்லிசைப் பாடல்களின் ஆயுள் பெரும்பாலும் குறுகியது. 1940ஆம் ஆண்டு நடு ஜாவாவின் சூரக்கர்த்தா நகரில் கெசாங் இயற்றிய ‘பெங்காவான் சோலோ’ இதற்கு விலக்காக நிற்கிறது. இசைக்குறியீடு அறியாத ஒருவர் அமைத்த இக்குரோன்சோங் பாடல், அப்பத்தாண்டு முடியுமுன் ஜப்பானிய மொழியிலும் ஒலித்தது. பின்னர் ஆங்கிலம், சீனம் எனப் பல மொழிகளில் மீண்டும் மீண்டும் பாடப்பெற்றது. (சிங்கப்பூர் வாசகர் பலருக்கு இப்பெயரைக் கேட்டதும் பலகாரக் கடைதான் முதலில் நினைவுக்கு வரும்.)

இவ்வீர்ப்புக்குப் போர்க்கால நினைவே காரணம் என்பர். ஜாவாவிலிருந்து நாடு திரும்பிய ஜப்பானியப் படைவீரர் பாடலைத் தம்முடன் கொண்டுசென்றனர். 1991இல் சூரக்கர்த்தாவில் கெசாங்குக்குச் சிலை எழுந்ததிலும் அவர்களுக்குப் பங்குண்டு. எனினும், போரையே அறியாத தலைமுறையினரும் இதைப் பாடுவதற்கு இவ்விளக்கம் போதாது. விடையைப் பாடலுக்குள்ளேயே தேடவேண்டும் எனக் கருதுகிறோம்.

பாடலில் ‘நான்’ என்னும் சொல்லே இல்லை. ஆற்றை முன்னிலைப்படுத்தி அதன் கதையைப் பாடகர் சொல்கிறார்: கோடையில் நீர் சுருங்குகிறது, மழைக்காலத்தில் பெருகுகிறது, மலைகளினூடே நெடுந்தொலைவு ஓடிக் கடலை அடைகிறது. இறுதிப் பகுதியில் பார்வை ஆற்றைவிட்டு, வணிகர் ஏறிச்சென்ற படகின்மேல் விழுகிறது. ‘ரிவாயாட்’ (வரலாறு) என்னும் சொல் தொடக்கத்தில் ஆற்றுக்கும் இங்கே படகுக்கும் ஆளப்படுகிறது. முதற்பகுதியின் மெட்டே மீண்டுவருவதால், இருமுறையும் அச்சொல் ஒரே இசையிடத்தில் அமர்கிறது. ஆறு இன்றும் ஓடுகிறது, படகோ பழங்கதை. இழப்பு என்று எங்கும் சொல்லாமலேயே மெட்டு அதை உணர்த்திவிடுகிறது.

கானல்வரியை அறிந்தவர்க்கு இது புதிதன்று. கோவலன் காவிரியைப் பாட, அவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என மாதவி கொண்டாள். ஆற்றுப் பாடலில் பாடுவோன் விடும் வெற்றிடத்தைக் கேட்போர் தம் நெஞ்சால் நிரப்பிக்கொள்கின்றனர். அங்கு அது பிரிவில் முடிந்தது என்பது வேறு செய்தி.

இவ்வகையில் நோக்கின், ரெபெக்கா பான் பாடிய ஆங்கில வடிவம் நமக்கு முழு நிறைவளிக்கவில்லை. அதில் ஆறு காதலரின் ஆறாகிவிடுகிறது. வணிகரின் படகுக்கு இடமில்லை. கெசாங் திறந்துவைத்த வெற்றிடத்தை மொழிபெயர்ப்பு முன்கூட்டியே நிரப்பிவிட்டது. ஆனால் வோங் கார்-வாய் 2000இல் வெளியிட்ட ‘இன் த மூட் ஃபார் லவ்’ படத்தில் இதே பதிவு நம்மை வேறுவிதமாகத் தொடுவதை மறுக்கவியலாது. காதலைச் சொல்லாமலேயே பிரியும் இருவரின் கதையில், காதலை வெளிப்படையாகப் பேசும் இப்பாடல் பின்னணியில் கேட்கிறது. பாடிய ரெபெக்கா பானே அப்படத்தில் வீட்டுக்காரம்மாவாகத் தோன்றி, அண்டை வீட்டாருடன் மாஜோங் ஆடிக்கொண்டிருக்கிறார்.