மனநோயும் திருத்தலவாசமும்

புனேயிலிருந்து பம்பாய் செல்லும் நெடுஞ்சாலையில், துகாராம் மகாராஜின் தேஹு கிராமத்துக்கு அருகே, இராணுவத் தளவாடக் கிடங்குகளை ஒட்டி வளர்ந்த தேஹு ரோட்டில், அக்கிடங்குகளின் உத்தியோகத்தை நாடி வந்து தலைமுறைகளாக வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல. கடைவீதியிலும் ரயிலிலும் மராத்தியும் இந்தியும் அவர்களுக்குக் கைகொடுக்கின்றன. ஆயினும், வீட்டில் ஒருவர் உறக்கம் கெட்டு, தமக்குத்தாமே பேசி, யாரோ தமக்குத் தீங்கு சூழ்வதாக அஞ்சி நடுங்கத் தொடங்கினால், மூத்தவர்களின் நினைவு முதலில் ஓடுவது ஆஸ்பத்திரிக்கன்று. சொந்த ஊர்க் குலதெய்வத்துக்கும், திருச்சியை அடுத்த குணசீலத்துக்கும், இராமநாதபுரத்து ஏர்வாடி தர்காவுக்குமே. இதனை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவோரும், முன்னோர் கண்ட மருந்து என்று போற்றுவோரும் சம அளவில் அவசரப்படுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அந்த நினைவுக்குக் காரணம் பக்தி மட்டுமன்று. புனேயின் எரவாடாவிலுள்ள அரசு மனநல மருத்துவமனை 2540 படுக்கைகள் கொண்ட பெரிய ஸ்தாபனம். லோக்கல் ரயிலும் பஸ்ஸும் மாறிச் சென்று அதன் வாயிலை அடைவது அவ்வளவு கஷ்டமன்று. அடைந்தபின் எந்தப் பாஷையில் துன்பத்தைச் சொல்வது என்பதே கஷ்டம். ‘நெஞ்சை அடைக்குது’ என்று தமிழ்த்தாய் ஒருத்தி சொல்லும்போது அதில் துக்கமும் பயமும் ஆற்றாமையும் அடங்கியிருக்கின்றன. அதையே அவள் அரைகுறை இந்தியில் ‘சீனே மே தர்த்’ என்று சொன்னால், அது வெறும் மார்வலியாகி, அவளை இருதயப் பரிசோதனைக்கே அனுப்பிவைக்கக்கூடும். கோயில் பிரகாரத்திலோ அவள் எதையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

இத்தகைய தலவாசத்தில் மெய்யான குணம் ஏதேனும் உண்டா என்ற வினாவுக்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு விடை தேடப்பட்டது. வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசுவாமி கோயிலில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளை, ரகுராம் முதலிய ஆராய்ச்சியாளர்கள், வந்த நாளிலும் புறப்படும் நாளிலும் முறைப்படி பரிசோதித்து, 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டார்கள். அந்நோயாளிகளிற் பெரும்பாலோர் கடுமையான மனச்சிதைவு நோயால் வருந்தியவர்கள். மாத்திரையும் இல்லை, தனிப்பட்ட பரிகாரச் சடங்கும் இல்லை. குடும்பத்தார் ஒருவர் உடனிருக்க, செடிக்கு நீர் ஊற்றுவதும் கோயிலைப் பெருக்குவதுமாகச் சராசரி ஆறு வாரங்கள் கழிந்தன. நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சில மருந்துகள் தரும் பலனுக்கு அது இணையானது. நோயாளிகள் சிலரே, ஒப்புநோக்க வேறு குழு இல்லை, வீடு திரும்பியபின் என்ன ஆயிற்று என்பதும் அந்த அளவையில் இல்லை. இக்குறைகளைக் கழித்துப் பார்த்தாலும், அச்சுறுத்தாத இடம், துரத்தாத மனிதர்கள், கையிலொரு வேலை, அருகிலொரு உறவினர் ஆகிய இவையே சிகிச்சையின் ஒரு பகுதி என்பது அங்கே பிரத்தியட்சமாயிற்று.

ஆனால் இதே தமிழ்நாட்டில், 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், ஏர்வாடியில் தர்காவை நம்பி வந்தவர்களை அடைத்துவைத்திருந்த தனியார் காப்பகமொன்றின் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது தெய்வ நம்பிக்கையன்று. நம்பிக்கையின் நிழலில், யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டாத ஒரு வியாபாரம் வளர அனுமதித்த நம் அசிரத்தை. திருத்தலவாசத்தின் பெருங்குறை இதுதான்: அங்கே இரக்கமுள்ளவரும் இருக்கலாம், கொடியவரும் இருக்கலாம், வேறுபாட்டைக் கண்டறிய எவரும் இல்லை. இதற்கு அடுத்த குறை காலதாமதம். மனச்சிதைவு நோய்க்கு மருந்து தொடங்கத் தாமதமாகுந்தோறும் நோய் பிடிவாதமாகிறது என்பது மருத்துவர்களின் தெளிந்த அனுபவம். செய்வினை எடுப்பவரிடம் நகையை விற்றுக் கொடுத்தபின், மூன்றாம் ஆண்டில் மருத்துவரிடம் வருகிற குடும்பத்துக்கு இழந்த ஆண்டுகளை யார் தருவார்?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவ்வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்திருக்கிறது; நோயாளிகளைத் தங்கவைக்கும் இல்லங்கள் பதிவு பெற வேண்டுமென்றும் விதித்திருக்கிறது. குஜராத்தின் உனாவாவிலுள்ள மீரா தாதார் தர்காவிலும், பின்னர் ஏர்வாடியிலும், பிரார்த்தனையைத் தடுக்காமல் அதன் அருகிலேயே மருத்துவரை அமர்த்தும் ‘தவா துவா’ ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இதுவே சரியான வழி என்று நான் கருதுகிறேன். எனினும் ஓர் எச்சரிக்கை அவசியம். தலமானாலும் மருந்தானாலும், அழைத்துச் செல்பவர் தீர்மானிக்கிறாரேயன்றி, துன்பப்படுபவரிடம் ‘உனக்கு எது வேண்டும்?’ என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் மிகக் குறைவு. அவ்வினா எழாதவரை, தர்கா வாசலில் உட்கார்ந்த மருத்துவரும் பலவந்தத்துக்கு ஒரு முத்திரையாகவே முடியக்கூடும்.

புனேயிலேயே பார்கவி தாவர் தோற்றுவித்த பாபு டிரஸ்ட், நோயாளி வருவாரென்று காத்திராமல், ஏழைகளின் குடியிருப்புகளுக்கே சென்று அண்டை அயலாரைத் துணையாக்கிப் பணிபுரிந்து வந்திருக்கிறது. கோயில் பிரகாரத்தின் குணங்களில் பாதியேனும் மனநலச் சிகிச்சைக்குள் வர இயலும் என்பதற்கு இத்தகைய முயற்சி போதிய சான்று. தேஹு ரோட்டுக்கு வேண்டுவதும் பெரிய கட்டடமன்று. வாரத்தில் ஒரு நாள் வந்து உட்காரும் மனநல மருத்துவரும், அவரருகில் ‘நெஞ்சை அடைக்குது’ என்பதன் பொருளை உணர்ந்து சொல்லக்கூடிய ஒரு தமிழ்ப் பெண்ணுமே. கோயில் கமிட்டிகளும் தமிழ்ச் சங்கங்களும் மனம் வைத்தால், திருவிழாப் பந்தலுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு சிறுபகுதியே இதற்குப் போதும்.

அது அமையும்வரை, வீட்டில் ஒருவர் சித்தம் கலங்கித் தவிக்கக் காணும் அன்பர்கள் குலதெய்வத்துக்கு முடிந்துவைக்கும் காசை முடிந்து வைக்கட்டும். அன்றைக்கே தொலைபேசியையும் எடுக்கட்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.