பானெட்டைத் திறப்பது யார்?

சித்திரைத் திருநாள் விழாவுக்காக ஒரு பள்ளியின் கார் நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். நியூஜெர்சியில் ஏப்ரல் மாதம். குளிர் முழுதாக விலகவில்லை. பட்டு வேட்டிக்கு மேல் ஜாக்கெட் அணிந்த பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார். “என்னம்மா, பையன் வண்டியா?” என்றார். “என்னுதுதாங்க ஐயா” என்றேன். “அப்ப சார் ரொம்ப ஷோக்குப் பேர்வழின்னு சொல்லுங்க” என்று சிரித்துவிட்டுப் போனார். ‘என்னுது’ என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவேயில்லை.

அடுத்த மாதமே, கார்ப் பிரியர்கள் ஞாயிறு காலை காபிக் கோப்பையோடு கூடும் ஓரிடத்தில், தாடி வைத்த இளைஞன் ஒருவன் அதே வண்டியைப் பார்த்து, “சிக் கார்” என்றான். பெண்பிள்ளைகள் ஓட்டும் கார் என்று பொருள். முன்னவருக்கு இது பெண்ணின் வண்டியாக இருக்கவே முடியாது. பின்னவனுக்கு இது பெண்ணின் வண்டியாக மட்டுமே இருக்க முடியும். இரண்டு பேரும் ஒரே வண்டியைத்தான் பார்த்தார்கள்.

வண்டி, 1995ஆம் வருடத்து மாஸ்டா மியாட்டா. மற்ற பல நாடுகளில் எம்எக்ஸ்-5 என்று பெயர். இரண்டே இருக்கை, மடக்கும் துணிக்கூரை, 1.8 லிட்டர் எஞ்சின், 128 குதிரைத்திறன், ஏறத்தாழ ஒரு டன் எடை. 1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் இந்த மாடல் முதன்முதலாக வந்தது. கார்ப் பத்திரிகையாளராக இருந்து மாஸ்டாவில் சேர்ந்த பாப் ஹால் விதைத்த யோசனை; லோட்டஸ் எலான் போன்ற பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் எளிமையை, பழுதாகாத ஜப்பானிய எஞ்சினோடு தரவேண்டும் என்பது நோக்கம். 2016க்குள் பத்து லட்சம் மியாட்டாக்கள் தயாராகிவிட்டன. அமெரிக்க அமெச்சூர் பந்தயங்களில் மியாட்டாக்கள் மட்டுமே மோதிக்கொள்ளும் தனிப்பிரிவே இருக்கிறது. அப்படியும் வசை மட்டும் போகவில்லை.

பிரிட்டனில் இதே வசை இன்னும் நேராக இருக்கும்: ‘ஹேர்டிரெஸ்ஸர் கார்’. கொஞ்சம் நின்று பார்க்கவேண்டிய சொல் இது. பெண் என்பதாலும் வசை, சலூனில் நின்று உழைத்துச் சம்பாதிப்பவள் என்பதாலும் வசை. அதே தொழிலில் இருக்கும், ‘ஆம்பளைத்தனம் குறைந்த’ ஆண் என்பதாலும் வசை. முடிதிருத்தும் தொழிலை இழிசொல்லாக்கும் பழக்கத்தை நாம் லண்டனில் போய்க் கற்கவேண்டியதில்லை; நம் ஊர்ச் சாதிப்புத்திக்கு அது நன்றாகவே தெரியும். ஒரு காரை மட்டம் தட்ட, முதலில் ஒரு தொழிலாளியை மட்டம் தட்டவேண்டியிருக்கிறது.

ஏன் இந்த வண்டிக்கு இப்படி ஒரு பெயர்? சின்னது, உருண்டையானது, முன்பக்கம் சிரிக்கிற வாய்போல இருக்கிறது, குதிரைத்திறன் குறைவு. பயமுறுத்தாத எதுவும் பெண்பால் என்கிற பொதுப்புத்திதான். அதனால்தான் இதை வாங்கும் ஆண்கள் பலரும் முதல் காரியமாக வண்டியின் முகத்தைத் திருத்துகிறார்கள். எழும்பும் முகவிளக்குகளைப் பாதியிலேயே நிற்கவைத்து முறைக்கும் கண்ணாக்குகிறார்கள். பம்பரின் சிரிப்பை மூடுகிறார்கள். தரையை உரசும்படி சஸ்பென்ஷனை இறக்குகிறார்கள். அமெரிக்க வி8 எஞ்சினைத் திணிப்பவர்களும் உண்டு. எல்லா மாற்றமும் இதற்காகத்தான் என்று சொல்லமாட்டேன். நல்ல ஷாக் அப்சார்பர் போட்டால் வளைவில் வண்டி நன்றாகவே நிற்கிறது. ஆனால் முகத்தை முறைக்கவைப்பதால் எந்த வளைவும் சுலபமாகிவிடுவதில்லை.

இதைச் சொல்லும் நானும் யோக்கியம் இல்லை. சொந்தச் சம்பளத்தில் வண்டி வாங்கி மூன்றாம் மாதம் நான் செய்த முதல் மாற்றம், சத்தமாக உறுமும் சைலன்சர். டிபெண்டன்ட் விசாவில், வேலை செய்ய அனுமதியில்லாமல், கணவர் அலுவலகத்திலிருந்து வந்து சாவியைத் தந்தால்தான் பால் வாங்கவும் போகமுடியும் என்று சில வருடங்கள் இருந்தவள் நான். அந்த வருடங்களின் அமைதிக்கெல்லாம் சேர்த்து உறுமவேண்டும் என்று தோன்றியிருக்கலாம். ஒருநாள் பள்ளியிலிருந்து மகளை அழைத்து வரும்போது, “இது யாருக்குக் கேக்கணும்மா?” என்றாள். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அந்தத் தாடிக்காரனுக்குத்தான். ஆறு மாதத்தில் பழைய சைலன்சரையே திரும்பப் போட்டேன். கழற்றியதும் நானே, பூட்டியதும் நானே என்பது மட்டும் மிச்சம்.

உண்மையில் எனக்குத் தேவைப்பட்ட மாற்றம் வேறு. என் உயரம் 152 சென்டிமீட்டர். இந்தத் தலைமுறை மியாட்டாவில் ஸ்டியரிங் ஏறாது, இறங்காது, முன்னால் வராது. ஸ்டியரிங்கை மேலும் கீழும் நகர்த்தும் வசதி மூன்றாம் தலைமுறையில்தான் வந்தது; முன்னும் பின்னும் நகர்த்த 2019 மாடல் வரை காத்திருக்கவேண்டியிருந்தது. ஆக, கிளட்சை முழுதாக மிதிக்கவேண்டுமானால் நான் இருக்கையை முன்னால் தள்ளி ஸ்டியரிங்கை அணைத்துக்கொண்டு உட்காரவேண்டும். நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்கில் உள்ள ஏர்பேக்குக்கும் நடுவே குறைந்தது 10 அங்குலம் இருக்கவேண்டும் என்கிறது அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம். எனக்கு 7 அங்குலம்தான் இருந்தது.

மியாட்டா இருக்கையை எப்படி மாற்றுவது என்று தேடினால் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: இருக்கைக்குள் உள்ள ஸ்பாஞ்சை அறுத்து எடு. உயரமான ஆண்களின் தலை கூரையில் இடிக்காமல் இருப்பதற்காக. அதற்கென்று ஒரு செல்லப்பெயர்கூட இருக்கிறது, அறுவைசிகிச்சை மாதிரி. அது ‘மாடிஃபிகேஷன்’. குட்டையான ஒரு பெண் இருக்கையில் தலையணை போட்டு உட்கார்ந்தால் அது வெறும் தலையணை, கேலிப்பொருள். அதே உயரப் பிரச்சினை, அதே இருக்கை, அதே ஸ்பாஞ்ச். எடுத்தால் தொழில்நுட்பம், சேர்த்தால் நகைச்சுவை.

பெண்கள் வண்டிகளை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கழுத்தை அறுக்கும் சீட் பெல்ட்டுக்கு உறை தைத்துப் போடுகிறோம். முதுகுக்குப் பின்னால் மடித்த துண்டு. கார் ஓட்ட மட்டும் என்று தனியே ஒரு ஜோடி செருப்பு. இவற்றுக்கு ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கிறது’ என்று பெயர். நம் வாழ்க்கையில் அந்தச் சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று உங்களுக்கே தெரியும்.

கார் என்பதே ஏற்கெனவே ஓர் உடலுக்காக அளவெடுத்துத் தைத்த சட்டைதான். மோதல் சோதனைகளில் இன்றும் புழங்கும் ஹைப்ரிட் 3 என்ற பொம்மை, 1970களின் சராசரி அமெரிக்க ஆணின் உடல். ‘பெண்’ பொம்மை என்பது அதையே சுருக்கிச் செய்தது. சுமார் 150 சென்டிமீட்டர், 49 கிலோ. அமெரிக்க நட்சத்திர மதிப்பீட்டின் முன்மோதல் சோதனைக்கு 2011 மாடல்களில் அந்தப் பொம்மை வந்தபோது, அதை உட்காரவைத்த இடம் பக்கத்து இருக்கை. ஓட்டுநர் இருக்கையில் ஆண்தான். சீட் பெல்ட் அணிந்திருந்தும் பெண் ஓட்டுநர்களுக்குப் படுகாயம் ஏற்படும் வாய்ப்பு ஆண்களைவிட 47 சதவீதம் அதிகம் என்று வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் எழுதினார்கள். மாஸ்டா தன் வண்டியைப் பற்றிச் சொல்லும்போது ‘ஜின்பா இட்டாய்’ என்றொரு ஜப்பானியச் சொற்றொடரைச் சொல்லும்: குதிரையும் வீரனும் ஓருடல் ஆவது. அழகான கருத்து. வீரனின் கால் எவ்வளவு நீளம் என்று மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பெண்களுக்கென்றே செய்த கார்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. 1955இல் டாட்ஜ் கம்பெனி ‘லா ஃபெம்’ என்ற வண்டியை விற்றது. இளஞ்சிவப்பும் வெள்ளையும், கூடவே கைப்பை, உதட்டுச்சாயக் கூடு, மழைக்கோட்டு, குடை. இரண்டே வருடத்தில் நிறுத்திவிட்டார்கள். அதைக் கேலி செய்வது சுலபம், செய்துவிட்டு நகரலாம். எனக்குச் சிக்கலாக இருப்பது 2004இல் ஜெனீவாவில் வோல்வோ காட்டிய ஒய்சிசி என்ற மாதிரிக் கார். முடிவெடுக்கும் பொறுப்பில் இருந்தவர்கள் அனைவரும் பெண்கள். ஓட்டுபவரின் உடலை அளந்து சாவியில் பதிந்துகொண்டு, இருக்கை, ஸ்டியரிங், பெடல் எல்லாவற்றையும் அதற்கேற்ப நகர்த்தும் ஏற்பாடு அதில் இருந்தது. நான் கேட்டதெல்லாம் அதுதானே! குதிரைவால் கொண்டை போட்டவர்கள் தலைசாய்க்க, தலையணைப் பகுதியில் பள்ளம்கூட வைத்திருந்தார்கள். ஆனால் அந்தக் காருக்கு பானெட் கிடையாது. கண்ணாடி கழுவும் தண்ணீரை வெளியிலிருந்தே ஊற்றிக்கொள்ளலாம். எஞ்சினைப் பார்க்கவேண்டுமானால் ஒர்க்‌ஷாப்பில் முன்பாகத்தையே தூக்குவார்கள்.

நேரமில்லாத பெண்ணுக்கு இது வசதிதான். வேலை, சமையல், பிள்ளை என்று ஓடுகிறவள் ஆயில் அளவு பார்த்துக்கொண்டு நிற்கவேண்டுமா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் பெண்கள் செய்த கார், பெண்ணின் உடலை இவ்வளவு அக்கறையாக அளந்துவிட்டு, அவள் கைகள் எஞ்சினைத் தொடவேண்டியதே இல்லை என்ற முடிவுக்கு வந்ததை என்னால் விழுங்க முடியவில்லை. அந்தக் கார் உற்பத்திக்கு வரவேயில்லை. பானெட் இருக்கும் கார்களின் கீழேயும் இப்போது பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது. ஒய்சிசியின் யோசனை மட்டும் எல்லோருக்குமாக வந்து சேர்ந்துவிட்டது.

பெண்களின் கை எஞ்சினைத் தொட்ட கதைகளையும் எப்படிச் சொல்கிறோம் என்று பாருங்கள். 1888இல் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்லிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டிச் சென்றார். கார்லின் தொழிலில் அவருடைய சீதனப் பணமும் இருந்தது. இந்தக் கதையை யார் சொன்னாலும் தொப்பி ஊசியால் எரிபொருள் குழாய் அடைப்பை எடுத்ததைச் சொல்வார்கள். காலுறைப் பட்டியை ஒயருக்குச் சுற்றியதைக் கண்சிமிட்டிச் சொல்வார்கள். வழியில் தேய்ந்துபோன பிரேக் கட்டைகளுக்கு, செருப்புத் தைப்பவரிடம் சொல்லித் தோல் அடித்துப் பூட்டியதை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள். ஊசியும் பட்டியும் சமயோசிதம். தோல், ஒரு காரின் பிரேக்கையே மேம்படுத்திய வேலை. மேடு ஏற வண்டி திணறியதைப் பார்த்து இன்னொரு கியர் வேண்டும் என்றதும் அவர்தான். வண்டியை ஓட்டிப் பார்த்து, குறை கண்டு, மாற்றச் சொன்னவர். இன்றைக்கு ஞாயிறு காலைகளில் காபிக் கோப்பையோடு நிற்கிறவர்கள் எல்லாரும் அந்தப் பயணத்தின் வாரிசுகள்தான், அந்தத் தாடிக்காரனும்.

என் வீட்டில் ஒரு பஜாஜ் ஸ்கூட்டர் இருந்தது. மழைக்காலத்தில் ஸ்டார்ட் ஆகாது. அப்பா பிளக்கைக் கழற்றி, எமரித் தாளில் தேய்த்து, அண்ணனிடம் கொடுத்துத் திரும்ப மாட்டச் சொல்லுவார். நான் டார்ச் பிடிப்பேன். பல மழைக்காலங்கள் பிடித்திருக்கிறேன். வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். பிளக் ஸ்பேனரின் கனம் மட்டும் தெரியாது. முப்பது வருடம் கழித்து மியாட்டாவின் பானெட்டைத் திறந்தபோது, 10, 12, 14, 17 என்று நான்கு அளவு ஸ்பேனர்களிலேயே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும் என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. இவ்வளவுதானா?

இரண்டாவது கார், பெட்ரோல், வாரயிறுதி நேரம். இதெல்லாம் சம்பளம் தரும் சொகுசு என்பதை மறுக்கவில்லை. ஊரில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் பெண்ணுக்கு என் சஸ்பென்ஷன் எந்த விடுதலையும் தராது. ஆனால் நான் இதை அலங்காரமாக வைத்திருக்கவில்லை. வேலைக்கும் இதில்தான் போகிறேன். மழையில் துணிக்கூரையின் வடிகால் துளைகளைக் குச்சி விட்டுக் குத்துகிறேன், இல்லையென்றால் கதவுக்குக் கீழே துரு ஏறிவிடும். பின்டிக்கியில் பாதியை பேட்டரியும் ஸ்டெப்னியும் எடுத்துக்கொள்ள, மிச்ச இடத்தில் அரிசி மூட்டை வருகிறது.

இருக்கைக்கு வருகிறேன். ஏர்பேக் இல்லாத சின்ன ஸ்டியரிங்கை முட்டுக்கொடுத்து அருகில் கொண்டுவரலாம் என்றான் ஒருவன், வேண்டாம் என்றேன். பெடல்களுக்கு மேல் கட்டை வைத்துப் பூட்டினேன், அதனால் இருக்கையைப் பின்னால் தள்ள முடிந்தது. இருக்கையின் நான்கு கால்களுக்கும் அடியில் இரும்பு வளையம் கொடுத்து, நீளமான, உறுதியான போல்ட் போட்டு உயர்த்தினேன். வளையங்களைக் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரர், இருக்கையைக் கீழே இறக்கத்தானே எல்லாரும் கேட்பார்கள் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தார். இப்போது பத்தரை அங்குலம் இருக்கிறது. பானெட்டின் முனை எனக்கு முதன்முறையாகத் தெரிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது.

போன ஞாயிறு, மருத்துவமனைச் சீருடையில் ஒரு பெண் வந்தாள், இரவு ஷிஃப்ட் முடிந்து வருகிறாள் போல. என்னைவிடக் குட்டை. சாம்பல் நிற மியாட்டா ஒன்றை வாங்க விலை பேசி வைத்திருக்கிறாளாம், கால்தான் எட்டவில்லையாம். உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். கிளட்சை அடிவரை மிதித்தாள். இன்னொரு தடவை மிதித்தாள். பிறகு இறங்கி, தரையில் முட்டி போட்டு, போன் வெளிச்சத்தை இருக்கைக்கு அடியில் அடித்து, அந்த வளையங்களைப் படம் எடுத்துக்கொண்டே, “போல்ட் என்ன நீளம்?” என்று கேட்டாள்.