நிலவொளியும் வினைமுற்றும்: நனவிலிப் பாரபட்சம் பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

ஈழத்துத் தமிழ்ச் சிறுகதைகளுள் சாதியொடுக்குமுறையைப் பொருளாகக் கொண்டவற்றைத் தொகுத்து நோக்கும் எவரும் என். கே. ரகுநாதனின் 'நிலவிலே பேசுவோம்' என்னும் கதையைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது. மதுவிலக்குக் கூட்டத்திலே பேசிவிட்டு வீடு திரும்பிய பிரமுகர் ஒருவரைக் காண ஒடுக்கப்பட்ட சாதியினர் சிலர் வருகின்றனர். அவர் அவர்களை விரட்டவில்லை, ஏசவுமில்லை. வெளியே நல்ல நிலவு, அங்கிருந்து பேசுவோம் என அழைத்துச் செல்கிறார். விறாந்தையிலே அவர்களுக்கு ஆசனமளிக்க வேண்டிய இக்கட்டினை நிலவு தீர்த்துவைத்து விடுகிறது.

இக்கதை பெரும்பாலும் போலிச் சீர்திருத்தவாதியின் இரட்டை வேடத்தைத் தோலுரிக்கும் கதையாகவே வாசிக்கப்படுகிறது. ஆசிரியரின் அங்கதத் தொனியும் அவ்வாசிப்புக்கு இடந்தருகிறது. ஆயினும் அது வாசகனுக்கு மிக வசதியான வாசிப்பு என்பதை மனங்கொள்ளல் வேண்டும். வேடதாரி எப்பொழுதும் வேறொருவனே. அவனைப் பார்த்து நகைப்பதோடு வாசகனின் கடமை தீர்ந்துவிடுகிறது. மாறாக, மேடையிற் கூறியதை அம்மனிதர் மெய்யாகவே நம்பினார் என்றும், நிலவின் அழகும் அவருக்கு மெய்யாகவே தோன்றியது என்றும் கொண்டு கதையை மீள வாசித்தால் நிலைமை மாறிவிடும். அப்பொழுது நாம் எதிர்கொள்வது பாசாங்கையன்று. உபசாரத்தின் வடிவிலே தொழிற்படும், தன்னைத் தான் அறியாத பாரபட்சத்தை.

2018ஆம் ஆண்டிலே வரணிப் பகுதிக் கோயிலொன்றின் தேரினை மண்வாரி இயந்திரம் கொண்டு இழுத்தமை செய்தியாயிற்று. ஒடுக்கப்பட்டோர் வடம் பிடிப்பதைத் தவிர்க்கவே அவ்வாறு செய்யப்பட்டது என்னும் குற்றச்சாட்டும் எழுந்தது. அத்தகையதொன்றை இனங்காண்பதற்கு விமர்சகன் தேவையில்லை. இனங்காண அரிதாயிருப்பது நிலவொளிதான்.

இத்தகைய பாரபட்சம் எங்கே உறைகிறது? யாழ்ப்பாணத்து வீடு வெறும் வதிவிடமன்று. படலை, முற்றம், திண்ணை, விறாந்தை, உள்வீடு, அடுக்களை, கிணற்றடி என்று அது பகுக்கப்பட்டிருந்த முறையே யார் எதுவரை வரலாம் என்பதற்கான எழுதாச் சட்டமாகும். ஒருவருக்கு மூக்குப்பேணியும் இன்னொருவருக்குச் சிரட்டையும் நீட்டப்படுவதைக் குழந்தை கண்டு வளர்கிறது. எவரும் அதற்குச் சாதித் தத்துவம் போதிப்பதில்லை, போதிக்கவேண்டிய அவசியமுமில்லை. கதிரையும் பேணியும் போதிக்கின்றன. நிலவுடைமை உறவுகள் பொருள்களிலும் அங்க அசைவுகளிலும் படிந்து, பின்னர் 'பழக்கம்', 'பண்பாடு' என்னும் பெயர்களால் வழங்குகின்றன. இத்தாலிய மார்க்சியரான கிராம்சி சிறைக் குறிப்பேடுகளிலே பொதுப்புத்தி பற்றி ஆராய்ந்தபோது, முன்னைய காலங்களின் சிந்தனைப் படிவுகள் ஒழுங்கின்றிச் சேர்ந்து கிடக்கும் இடமாகவே அதனைக் கண்டார்.

இனி, இலக்கியத்திற்கு வருவோம். 1960களின் முற்பகுதியிலே மரபுவாதிகள் பேச்சுவழக்கினை 'இழிசனர் வழக்கு' என்று பழித்தனர்; முற்போக்கு அணியினர் அதனை எதிர்த்து நின்றனர். அது வெளிப்படையான பகை. அதற்கு விடையிறுப்பதும் ஒப்பளவில் எளிதாயிருந்தது. ஆனால் பேச்சுவழக்கு கதைகளிலே இடம்பெற்ற பின்னரும் ஒரு நுண்ணிய பாகுபாடு எஞ்சியது. அது உரையாடலிலன்று, கதைகூறும் குரலிலே உள்ளது.

தமிழிலே ஒருவரைப் பற்றி ஒரு வாக்கியந்தானும் எழுதுவதற்கு அவர்தம் தகுதி குறித்துத் தீர்ப்பு வழங்கியாக வேண்டும். 'வந்தான்' என்பதா, 'வந்தார்' என்பதா? ஆங்கிலத்தில் எழுதுவோனுக்கு இத்தொல்லை இல்லை. உதாரணமாக, அறுபது வயதான சீவற்றொழிலாளி ஒருவரையும் நாற்பது வயதான நிலவுடைமையாளர் ஒருவரையும் ஒரே கதையிற் கொள்வோம். ஆசிரியரின் அனுதாபம் முழுவதும் தொழிலாளியின் பக்கமே. உடைமையாளரின் கொடுமையை அவர் கடுமையாகக் கண்டிக்கிறார். ஆயினும் 'கந்தன் வந்தான். கந்தையர் எழுந்தார்' என்றே எழுதிச் செல்கிறார். பெயரின் குறுக்கமும் விகுதியின் குறுக்கமும் ஒரே மூலத்தினின்று வருவன. 'நயினார்', 'நாச்சியார்' என ஒரு சாரார் விளிக்க, மறுசாரார் வெறும் பெயரால் விளித்த சமூகத்தின் ஒழுங்கு, அவ்வொழுங்கை எதிர்க்கும் கதையினுள்ளே இலக்கணமாக அமர்ந்துகொள்கிறது. பாத்திரங்களின் வாயில் அது வருமாயின் யதார்த்தம் எனலாம். ஆசிரியர் கூற்றிலே வருமாயின் யாருடைய யதார்த்தம்?

விமர்சனமும் இதற்கு விலக்கன்று. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. அவர் 1986இல் மறையும்வரை இவ்வகை நாவல்களைத் தொடர்ந்து எழுதினார். அவற்றைப் பாராட்டுவோர்கூடத் தகவற்செறிவு, ஆவணப் பெறுமானம் என்னும் சொற்களோடு நின்றுவிடுவதுண்டு. அவருடைய நாவல்களிலே கட்டமைப்புத் தளர்ச்சி உண்டு என்பது உண்மையே. அதனை மறைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. எனினும் வேளாளக் குடும்பமொன்றின் திருமணச் சடங்கினை விரித்துரைக்கும் பகுதி 'மண்வாசனை' ஆகவும், பனையடியிலே நிகழும் உழைப்பினை விரித்துரைக்கும் பகுதி 'தகவல்' ஆகவும் கணிக்கப்படுமாயின், அக்கணிப்பிலே அழகியலுக்கு அப்பாற்பட்ட ஏதோவொன்று தொழிற்படுகிறது. சாதியை வர்க்கம் என்ற சொல்லுக்குள் அவசரமாக அடக்கிவிட்ட முற்போக்கு விமர்சனமும் இக்கேள்வியைத் தன்னிடம் கேட்கத் தவறியது. வர்க்கம் பற்றிப் பேசும்போது விறாந்தையைப் பற்றிப் பேசவேண்டியதில்லை அல்லவா!

மேலைநாட்டு உளவியலாளர் இப்பிரச்சினையை வேறு வழியில் அணுகியுள்ளனர். 1998இல் அமெரிக்க உளவியலாளர் அந்தனி கிறீன்வால்டும் சகாக்களும், சொற்களையும் பெயர்களையும் மனிதர் இணைத்து வகைப்படுத்தும் வேகத்தைக் கொண்டு, வெளிப்படக் கூறாத மனச்சாய்வுகளை அளக்கும் சோதனையொன்றை வெளியிட்டனர். அச்சோதனை ஒரு தனிமனிதரைப் பற்றி எவ்வளவு கூறவல்லது என்பது இன்றும் விவாதத்திற்குரியது. குறுகிய பயிற்சிகளால் உண்டாகும் மாற்றம் சில நாட்களுக்குள்ளேயே தேய்ந்துவிடுகிறது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. இதில் வியப்பில்லை. கதிரை இருந்த இடத்திலேயே இருக்க, மனத்தை மாத்திரம் இடம்மாற்ற முயல்வதன் விளைவு அது.

இவ்விடத்து எமது வரலாறு தரும் சான்று முக்கியமானது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் நிறைவேறிய பின்னரும் தேநீர்க்கடைகளிலே போத்தலும் தகரப்பேணியும் நீடித்தன. 1966 ஒக்ரோபர் 21ஆம் நாள் ஊர்வலத்தையும், அடுத்த ஆண்டு உருவான தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் போராட்டங்களையும் தொடர்ந்தே பல கடைகள் திறந்துவிடப்பட்டன. ஒரே தம்ளரிற் குடிக்கத் தொடங்கியவர்கள் முதலில் மனந்திருந்திப் பின்னர் குடித்தவர்களல்லர். தம்ளர் முந்தியது, மனம் பிந்தியது. சில மனங்கள் வந்து சேரவேயில்லை.

ஆயின் தம்ளருக்கு இயக்கம் நடத்தலாம். வினைமுற்றுக்கு நடத்துவது எங்ஙனம்? இங்கேதான் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் செய்யத்தக்க பணியொன்று உள்ளது. 1950 முதல் 1990 வரையிலான ஈழத்துச் சிறுகதைகளிற் கைக்கெட்டியவற்றை எடுத்து, ஆசிரியர் கூற்றிலே எப்பாத்திரம் ஆன் விகுதியும் எப்பாத்திரம் ஆர் விகுதியும் பெறுகிறது என்பதைச் சாதி, வயது, தொழில், பால் ஆகியவற்றோடு அட்டவணைப்படுத்தல் வேண்டும். முற்போக்கு எழுத்தாளரின் ஆக்கங்களிலிருந்தே தொடங்குவது நன்று. பின்னர் ஒரு கதையை எடுத்து விகுதிகளை இடம்மாற்றி எழுதி, மாணவரை உரக்க வாசிக்கச் செய்தல் வேண்டும். எந்த வாக்கியத்திலே வாசிப்பவரின் நா தடுக்குகிறது, எங்கே வகுப்பிலே சிரிப்பு எழுகிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ளலாம். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும் போதும்.