பார்க் ஹில்: வானத்து வீதிகளின் வரலாறு

இங்கிலாந்தின் வடபாலுள்ள ஷெபீல்ட் மாநகரம் உருக்குத் தொழிலாற் பெயர்பெற்றது. அந்நகரப் புகையிரத நிலையத்தின் பின்னே எழுகின்ற குன்றின்மீது, கோட்டை மதில்போல வளைந்து வளைந்து செல்லும் பெருங்கட்டடமொன்று நிற்கின்றது. பார்க் ஹில் என்பது அதன் பெயர். கண்டோருட் சிலர் அதனை இகழ்ந்தனர்; சிலர் போற்றினர்; பொருட்படுத்தாது சென்றவர் மிகச் சிலரே.

அக்குன்றிலே முன்னர், ஒன்றன் முதுகோடு மற்றொன்று ஒட்டிய சிறுவீடுகள் நெருங்கிக் கிடந்தன. குற்றச் செயல்கள் மலிந்தமையால், 1930 களில் அவ்விடம் 'சின்னச் சிக்காகோ' எனப் பழிப்பெயர் பெற்றது. அவற்றை அகற்றிப் புதுமனைகள் அமைக்க மாநகரசபை துணிந்தது. நகரக் கட்டடக் கலைஞர் லூயிஸ் வொமஸ்லியின் மேற்பார்வையில், ஜக் லின், ஐவர் சிமித் என்னும் இளைஞர் இருவர் வரைபடம் வகுத்தனர். 1957 இல் தொடங்கிய வேலை 1961 இல் நிறைவுற்றது. வீடுகள் 995.

இவ்வகைக் கட்டடங்களைப் 'புறூட்டலிசம்' என்னும் பெயரால் வழங்குவர். பூச்சில்லாத பச்சைக் கொங்கிறீற்றைக் குறிக்கும் பிரெஞ்சுத் தொடரோடு இப்பெயருக்குத் தொடர்புண்டு. 1955 இல் றெய்னர் பான்ஹம் எழுதிய கட்டுரையொன்று அதனைப் பரப்பிற்று. ஆங்கிலேயர் செவிக்கோ அப்பெயர் கொடுமை என்னும் பொருளையே தந்தது. பெயரே பாதிப் பழியைத் தேடிக் கொடுத்தது எனல் மிகையன்று. உள்ளபடி நோக்கின், பார்க் ஹில்லின் நோக்கம் அயலுறவைப் பேணுவதேயாம்.

அந்நோக்கத்தைக் காட்டுவன அதன் தளவீதிகள். மூன்று மாடிக்கு ஒன்றாக, ஏறக்குறையப் பத்தடி அகலத்தில், வீட்டு வாயில்களை ஒட்டித் திறந்த வீதிகள் ஓடுகின்றன. கட்டடப் பகுதிகள் பாலங்களால் இணைக்கப்பட்டுள்ளன. நிலம் சரிந்து செல்லவும் கூரைமட்டம் மாறாது நிற்கின்றது. ஆதலின், குன்றின் மேற்பக்கத்தில் நான்கு மாடியாயுள்ள கட்டடம், கீழ்ப்பக்கத்திற் பதின்மூன்று மாடியாக உயர்கின்றது. சரிவின் துணையால் தளவீதிகள் நிலத்தோடு சேருமிடங்களும் உண்டு. எனவே பால்காரரின் மின்வண்டி மேல்மாடி வாயில்வரை சென்றது. பழைய தெருப்பெயர்கள் இவ்வீதிகளுக்கு இடப்பட்டன. பழைய அயலவர் பலர் மீண்டும் அயலவராகவே குடியமர்த்தப்பட்டனர். குடியிருப்போரின் குறைநிறைகளை அறிதற்கென அலுவலர் ஒருவர் அங்கேயே வாழ்ந்து வினாவியதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. தாம் அமைத்தது பயன்பட்டதா எனக் கேட்டறியும் வழக்கம் எந்த நாட்டு அரசாங்கத்தும் அரிதன்றோ!

எனினும் குறையொன்று தொடக்கத்திலேயே இருந்தது. வாழும் அறைகள் வெயிலையும் காட்சியையும் நோக்கி மறுபுறம் திரும்பியிருந்தன. வீதியை நோக்கியவை பெரும்பாலும் கதவுகளே. எதிர்வரிசையில் வீடுகளும் இல்லை. வழியிற் செல்வோரை வீட்டிலிருந்து காணும் கண்கள் குறைந்த வீதி எங்ஙனம் தெருவாகும்? மக்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்த காலத்தில் இக்குறை தோன்றவில்லை. 1980 களில் உருக்காலைகள் மூடப்பட்டு வேலையின்மை பெருகியபோது, பராமரிப்புங் குன்றியபோது, அது வெளிப்பட்டது. கொங்கிறீற்றே மக்களைக் கெடுத்தது என்பார் கூற்று இவ்வரலாற்றை நோக்காத கூற்றாகும். அருகிலிருந்த ஹைட் பார்க் மனைத்தொகுதியின் பெரும்பகுதி 1990 களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. பார்க் ஹில்லோ 1998 இல் இரண்டாந்தர உடுக்குறிப் பட்டியலிற் சேர்க்கப்பட்டுச் சட்டத்தின் காவல் பெற்றது.

சட்டம் காத்தது எதனை என்பதே ஆராயத்தக்க வினா. புதுப்பித்தலின் முதற்கட்டத்தில், 2011 அளவில், கொங்கிறீற்றுச் சட்டகம் மாத்திரமே எஞ்சிற்று. கீழே கருஞ்சிவப்பாய்த் தொடங்கி மேலே வெளிர்மஞ்சளாய் முடிந்த செங்கற் சுவர்கள் அகற்றப்பட்டன. பளபளக்கும் வண்ண அலுமினியத் தகடுகள் அவ்விடத்தைப் பெற்றன. 2013 இல் இவ்வேலை சிறந்த கட்டடத்துக்கான ஸ்ரேர்லிங் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. வேலைத்திறன் மெய்யே. ஆயினும் செங்கல்லின் நிறவேறுபாடு மூலக் கலைஞரின் எண்ணத்தில் ஒரு கூறாகும். அதனை நீக்கியது திருத்தமன்று, மாற்றமேயாம். 2022 இல் நிறைவுற்ற இரண்டாங் கட்டத்தைச் செய்தோர் செங்கல்லைப் பேணினர். உப்பரிகைகளின் உட்பக்கத்துக்கு வண்ணந்தீட்டி நின்றனர். அடக்கமான அவ்வழியே சிறந்தது.

கல்லைவிடப் பெரிய மாற்றம் குடியிருப்போரிடத்து நிகழ்ந்தது. முன்னர் எல்லா வீடுகளும் மாநகரசபை குறைந்த வாடகைக்குக் கொடுத்தவை. புதுப்பித்தபின் அவற்றுட் பல சந்தை விலைக்கு விற்கப்பட்டன; குறைந்த வாடகைக்கு எஞ்சியவை ஒரு சிறுபகுதியே. பாலமொன்றின்மேல் 2001 இல் ஒருவர் தம் காதலியின் பெயரையெழுதி, மணம்புரிய இசைவாயா என வினவியிருந்தார். அப்பெண் 2007 இல் இறந்துபோனார். புதுப்பித்தோர் அவ்வாசகத்தை நியோன் விளக்கால் ஒளிரச் செய்தனர். விற்பனை விளம்பரத்துக்கும் அது பயன்பட்டது. பெண்ணின் பெயரை மட்டும் ஒளியேற்றாது விட்டனர்.