மரபணுவை நீக்கினால் மட்டும் போதுமா?

மூளைக்குச் செல்லும் இரத்தத்தை எந்த நொதி ஆள்கிறது என்று அறிய, அந்த நொதிக்குரிய மரபணுவை நீக்கிப் பார்ப்பதே நேர்வழி என்று தோன்றும். அது அவ்வளவு நேரானதல்ல என்பதை, நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நொதியை வைத்து 1990களில் பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் நடந்த சுண்டெலி ஆய்வுகள் காட்டின.

இந்த நொதியின் ஒரு வடிவம் நரம்பணுக்களில் உண்டு, இன்னொன்று இரத்தக்குழாய்களின் உட்சுவரில். முன்னது இல்லாத எலி 1993இல் வந்தது. பின்னது இல்லாத எலி 1995இல்.

மூச்சுக்காற்றில் கார்பன் டை ஆக்சைடைக் கூட்டினால் மூளையில் இரத்த ஓட்டம் பெருகும். நரம்பணு நொதி இல்லாத எலியிலும் அது குறைவின்றிப் பெருகியது. இதோடு நிறுத்தியிருந்தால், அந்த நொதிக்கு இதில் பங்கில்லை என்றே முடிவு கட்டியிருப்பார்கள். ஆனால் நொதியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்ததும், இயல்பான எலியில் அந்தப் பெருக்கம் தணிந்தது. மரபணு நீக்கிய எலியில் தணியவில்லை. நைட்ரிக் ஆக்சைடின் ஏவலால் உருவாகும் சைக்ளிக் ஜிஎம்பி கூடியதும் இயல்பான எலியில்தான். கருவிலிருந்தே நொதியின்றி வளர்ந்த உடல் மாற்று வழியைப் பழகிக்கொண்டிருக்கிறது. குழாய்ச்சுவர் நொதி இல்லாத எலியிலோ மருந்து வேலை செய்தது. அங்கே எஞ்சியிருந்தது நரம்பணு நொதி. ஆக, மரபணு நீக்கம் மட்டும் தந்த விடை பிழை. மருந்தையும் சேர்த்துக் கேட்டபோது கிடைத்த விடையை நம்பலாம்.

பக்கவாதச் சோதனைகளில் சான்று இன்னும் வலுவானது. மூளையின் நடுத்தமனியை அடைத்தபோது, நரம்பணு நொதி இல்லாத எலிக்குச் சேதம் குறைந்தது. குழாய்ச்சுவர் நொதி இல்லாத எலிக்கு இரத்த ஓட்டம் அதிகமாக வீழ்ந்தது, சேதமும் கூடியது. பிந்தைய எலிக்கு உயர் இரத்த அழுத்தம் உண்டே என்ற கேள்வி எழும். ஹைட்ரலசின் கொடுத்து அழுத்தத்தை இறக்கிய பிறகும் சேதம் பெரிதாகவே இருந்தது. நல்ல பதில்தான், முழுப் பதில் அல்ல: இன்று அழுத்தத்தை இறக்கலாம்; அந்த அழுத்தத்திலேயே வளர்ந்த தமனிச்சுவரை மருந்தால் உடனே பழையபடி ஆக்க முடியாது.

என் தீர்ப்பு இது. குழாய்ச்சுவர் நொதி மூளையின் இரத்த ஓட்டத்தைக் காக்கிறது என்பதை ஏற்கலாம். எவ்வளவு காக்கிறது என்பதற்கு இந்த எலிகளை அளவுகோலாகக் கொள்ளலாகாது. அதற்கு, வளர்ந்த எலியில், வேண்டிய அணுக்களில் மட்டும் மரபணுவை நீக்கும் முறை தேவை.

மனிதரிடமும் இது சோதிக்கப்பட்டது. 2015இல் வெளியான ஈனோஸ் என்ற மருத்துவ ஆய்வில், பக்கவாதம் வந்த 4011 பேரில் ஒரு பகுதியினருக்கு நைட்ரிக் ஆக்சைடைத் தரும் நைட்ரோகிளிசரின் பட்டையை ஒட்டிப் பார்த்தார்கள். இரத்த அழுத்தம் இறங்கியது, உடற்செயல்பாடு மேம்படவில்லை. எலி ஆய்வே பொய்த்தது என்று இதைச் சொல்வது நியாயமாகாது. எலியில் இல்லாமல் போனது குழாய்ச்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு பிறக்கும் இடம். நோயாளிக்குத் தரப்பட்டதோ உடல் முழுதும் பரவும் மருந்து, அதுவும் பக்கவாதம் நேர்ந்து 48 மணி நேரம் வரை கழிந்த பின்.